பிடி என்றால் விடு

என் வலது கை அவனுடைய முழங்கையைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தது. நடுவர் விசில் ஊதி முடித்த பிறகும் நான் விடவில்லை.

"அண்ணே, ஊதியாச்சு. விடுங்க" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. கிருஷ்ணகிரியில், மலைக்கோட்டை தெரிகிற ஒரு சிமெண்டு மைதானத்தில், தொழிற்சாலை அணிகளுக்கான கூடைப்பந்து இறுதி ஆட்டம். முடிய நான்கு விநாடி. நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து அவனிடம். கூடைக்கு எதிர்ப்புறமாக, மூலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருந்தால் போதும், கோப்பை எங்களுக்கு.

நான் சும்மா இருக்கவில்லை. பின்னாலிருந்து எங்கள் சென்டர் மஞ்சுநாத் "பிடி அண்ணா, பிடி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பிடித்தேன்.

பிடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கால்பகுதி ஆட்டத்தில் ஓர் அணி நான்கு ஃபவுல் வரை செய்யலாம், அதற்குப் பெரிய தண்டனை இல்லை. ஐந்தாவதிலிருந்துதான் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ: யாரும் தடுக்காமல் கூடையில் எறியலாம், விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 'நமக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது போல, பையன் கணக்கு வைத்துக் கத்துகிறான்' என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கோர் மேசையில் சிவப்புக் கொடி தூக்கினார்கள். பாக்கி எதுவும் இல்லை. அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் நாங்கள் தோற்றோம்.

எங்கள் கோச் ராமய்யா சார் டைம் அவுட் கேட்டார். நான் நின்ற இடத்துக்கும் எங்கள் பெஞ்சுக்கும் பத்து அடி இருக்கும். நான் அந்தப் பத்து அடியை நடந்து முடிப்பதற்குள், நான் எப்படி அங்கே வந்து நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கார்டு என்றால் வாட்ச்மேன் இல்லை

எனக்கு ஊத்தங்கரை. அத்தா சந்தை சந்தையாகப் போய் ரெடிமேட் துணி விற்பார். கூடைப்பந்தில் எனக்கு என்ன வேலை என்பது கடைசி வரை அவருக்குப் புரியவில்லை. "பையன் ஓசூர்ல ஒரு கம்பெனி டீம்ல கார்டா இருக்கான்" என்று அவர் சொல்ல, "அப்ப நைட் ஷிப்டா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு மாமா எனக்கு நல்லதாக ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தார். அதை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

கூடைப்பந்தில் கார்டு என்பவன் பந்தைத் தட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறவன். யார் எங்கே ஓட வேண்டும், எந்த ஆட்டம் ஆட வேண்டும் என்று கத்திச் சொல்கிறவனும் அவன்தான். என்னுடைய ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு வேறு இடம் யாரும் தர மாட்டார்கள். மற்றவர்கள் கையாலும் காலாலும் ஆடினால், கார்டு பாதி வாயால் ஆடுகிறான். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்குக் காலை விடத் தொண்டைதான் அதிகமாக வலிக்கும். என் மனைவி மும்தாஜ் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருப்பாள்.

கல்லூரி முடிந்து ஒரு வருடம் சேலத்தில் ஒரு கிளப்புக்கு ஆடினேன். பிறகு கொஞ்ச காலம் நாடோடிப் பிழைப்பு. எந்த ஊரில் போட்டி நடந்தாலும், ஆள் குறைகிற அணிக்குப் போய் ஆடுவது. பஸ் செலவு, சாப்பாடு, கையில் ஏதோ கொஞ்சம். ஒரே மாதத்தில் நான்கு வேறு வேறு நிறச் சட்டை போட்டிருக்கிறேன். ஒருமுறை பழைய அணியின் ஆளுக்கே பந்தைப் போட்டுவிட்டு, அவன் நன்றி சொன்ன பிறகுதான் விழித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, தன் அணிக்குக் கார்டு தேடுகிறது என்று தெரிந்தது. காண்டிராக்ட் வேலைதான். காலையில் தொழிற்சாலை, மாலையில் பயிற்சி. ஆனால் மாதச் சம்பளம், கேண்டீன் சாப்பாடு, அடையாள அட்டை. எனக்கு அது பெரிய விஷயம்.

நாலு மொழிக்காரன்

தேர்வுக்கு ஏழு பேர் வந்திருந்தோம். ஓட்டம் எல்லாம் முடிந்து நானும் இன்னொருவனும் மிஞ்சினோம். உண்மையைச் சொல்கிறேன், அவன் என்னைவிட வேகம்.

ராமய்யா சார் சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். வேட்டைக்காரர் மாதிரி ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏமய்யா, தெலுங்கு தெரியுமா?"

"கொஞ்சம் வரும் சார்." இது நிஜம். எங்கள் ஊர்ப்பக்கம் தெலுங்கு காதில் விழாமல் யாரும் வளர முடியாது.

"பேரு சலீமு. உருது வீட்லயே இருக்கும்."

நான் அதைத் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் அத்தாவும் அம்மாவும் சண்டை போடுவதுகூடத் தமிழில்தான். ஓசூருக்கு வந்த பிறகு என் பெயரைக் கேட்டுவிட்டு உருதில் ஆரம்பிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாதியில் நிறுத்தினால் அவர்களுக்குத்தான் வருத்தம்.

"கன்னடம்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் சுற்றி வந்திருக்கிறார். அவருடைய அணியில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். தமிழ் அணிகளோடு மோதும்போது அவர்கள் கன்னடத்தில் கத்தி ஆடுவார்கள், எதிரணிக்குப் புரியாது. பெங்களூரு அணிகளோடு ஆடும்போது தமிழுக்கு மாறிவிடுவார்கள். அதற்கு இரண்டு பக்கமும் பேசுகிற கார்டு வேண்டும்.

எனக்குப் பின்னால் அந்த வேகக்காரன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வரும் சார்" என்றேன்.

ஆறு வருடம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தினேன். ஒந்து, எரடு, மூரு என்று எண்களை மனப்பாடம் செய்தேன். ஆட்டங்களுக்கு எண்கள்தான் பெயர், அதனால் மைதானத்தில் சிக்கல் இல்லை. பா என்றால் வா, ஹோகு என்றால் போ, கொடு என்றால் கொடு. மீதிக்கு 'ஆயித்து' இருந்தது.

அப்படி ஒரு சொல்லைத் தமிழில் நான் பார்த்ததில்லை. ஆயிற்று, சரி, ஆகட்டும், முடிந்தது எல்லாம் அதுதான். யார் கன்னடத்தில் எதைச் சொன்னாலும், முகத்தைக் கொஞ்சம் தீவிரமாக வைத்துக்கொண்டு "ஆயித்து, ஆயித்து" என்றுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒருமுறை மஞ்சு என்னிடம் நீளமாக ஏதோ சொன்னான். வழக்கம்போல ஆயித்து என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. அவன் வீடு மாறுவதற்கு உதவி கேட்டிருக்கிறான், நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவனுடைய இரும்பு பீரோவை மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் மாதத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரு வருடம் போன பிறகு வேலை போய்விடும் என்று பயம். அதற்குப் பிறகு வெட்கம். யாரிடமாவது கற்றுக்கொள்ளலாம் என்றால், ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலே மாட்டிக்கொள்வேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கன்னடக்காரர் யாராவது உட்கார்ந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். அத்தனை பயம்.

மஞ்சுவின் தேதி

அந்த வருடம் கம்பெனி, அணியில் இருந்த காண்டிராக்ட் ஆட்களில் இரண்டு பேரைப் பர்மனென்ட் செய்வதாகச் சொல்லியிருந்தது. யார் என்று ராமய்யா சார் எழுதிக் கொடுக்க வேண்டும். இறுதி ஆட்டம் முடிந்ததும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். நானும் மஞ்சுவும் அதில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஆசை.

மஞ்சுவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, ஆறடி ஐந்து அங்குலம். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஊர். ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவருடைய மகளை அவனுக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம், அவனுக்கு ரொம்பச் சம்மதம். பெண்ணின் அப்பா மட்டும், "பர்மனென்ட் ஆவட்டும், அன்னைக்கே தேதி குறிச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார். அவன் பயிற்சிக்கு நடுவில் தண்ணீர் குடிக்கும்போதுகூட அந்தத் தேதியைப் பற்றித்தான் பேசுவான். அதிலும் பாதி எனக்குப் புரியாது.

அவன் எனக்கு மரியாதை கொடுப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. அணியில் மற்ற எல்லாரையும் வா, போ என்பான். என்னை மட்டும் வாங்க, போங்க. நான் மூத்தவன், அதோடு பீரோ தூக்கியவன்.

ஒரு நிமிடம்

இப்போது பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

"ஏமய்யா, என்னாத்துக்குப் புடிச்ச?" ராமய்யா சாரின் தொப்பி கையில் இருந்தது. அது தலையை விட்டு இறங்கினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"மஞ்சு புடின்னு கத்தினான் சார்."

நான் பொய் சொல்லவில்லை. என் காதில் அதுதான் விழுந்தது. சார் அப்படியே மஞ்சு பக்கம் திரும்பினார்.

"புடின்னு சொன்னியாடா?"

"ஹவ்து சார், பிடி அந்தெ ஹேள்தே. ஆனா சார்..." ஆமாம், சொன்னேன் என்கிறான். பதற்றத்தில் அவனுக்குத் தமிழ் ஓடிப்போய்விட்டது.

"அவனே ஒத்துக்கறான்! ஃபவுல் முடிஞ்சது தெரியாதா உனக்கு? நாலு செகண்டு! நாலே நாலு செகண்டுடா!" துண்டை எடுத்து அவன் மேல் எறிந்தார். "நீ உக்காரு. நீ ஆடி கிழிச்சது போதும். அந்த லெட்டர்ல உன் பேரு வராது, எழுதி வெச்சிக்கோ."

பெஞ்சில் இருந்த வேறொருவனை, மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தயாராகச் சொன்னார்.

மஞ்சு உட்காரவில்லை. என்னையே பார்த்தான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனுக்குக் குழப்பம்தான். "பிடி அண்ணா... பிடி அந்தெ..." என்று முணுமுணுத்துக்கொண்டே, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினான். கையில் இருப்பதைக் கீழே போடுகிறவன் மாதிரி.

வாய் பிடி என்கிறது, கை விடு என்கிறது.

அவன் சொன்ன 'பி'யை அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன். அது நாம் 'பிள்ளை' என்னும்போது வருகிற பி இல்லை. பீடி, பிஸ்கட் என்னும்போது வருகிற பி.

"மஞ்சு, பிடின்னா... விடுன்னு அர்த்தமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. பெஞ்சைச் சுற்றி நின்ற பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மஞ்சு தலையாட்டினான். கன்னடத்தில் விடு என்பதற்கு பிடு. மற்றவர்கள் என்னிடம் பிடு என்றுதான் கத்துவார்கள், அது எனக்கு 'விடு' மாதிரியே கேட்கும், நானும் விட்டுவிடுவேன். என்னிடம் அப்படிக் கத்த மஞ்சுவுக்கு அன்றுதான் வேளை வந்தது; மூத்தவனாயிற்றே என்று மரியாதையாக, விடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். விடுங்கள் என்றால் பிடி. நம் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே பி, இதைப் படிக்கிற உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சமாளித்திருக்கலாம். மைதானத்தில் அவ்வளவு இரைச்சல், எல்லாரும் நம்பியிருப்பார்கள். அந்த எண்ணம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சுவின் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது.

"சார், அவன் சரியாத்தான் சொன்னான். எனக்குத்தான் கன்னடம் தெரியாது."

"என்னாது?"

"தெரியாது சார். அன்னைக்கு வரும்னு சொன்னது பொய். நம்பரு மட்டும்தான் தெரியும். அவன உக்கார வெக்காதீங்க சார், என்னை உக்கார வைங்க."

"ஆறு வருசமா?"

"ஆறு வருசமா சார்."

மேசையில் மணி அடித்துவிட்டது. எல்லாரும் உள்ளே வர வேண்டும். ராமய்யா சார் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார்.

"மஞ்சு, உள்ள போ. ரீபவுண்டு உன்னுது, பந்து தெறிச்சி வந்தா நீதான் எடுக்கணும்." பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "நீயும் போ. உன்ன அப்புறம் வெச்சிக்கறேன். டேய், எல்லாரும் கேளுங்க. இனிமே உள்ள எவனும் எவனுக்கும் மரியாதை குடுக்கக்கூடாது. புரியுதா? ஒரு மண்ணும் வேணாம்."

ஓ

முதல் ஃப்ரீ த்ரோ சத்தமே இல்லாமல் விழுந்தது. சமம்.

இரண்டாவதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருட ஆட்டத்தில் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான். இரும்பு வளையத்தில் பந்து மோதுகிற சத்தம் கேட்டது, திரும்ப ஒரு முறை கேட்டது. கண்ணைத் திறந்தபோது எல்லாக் கைகளுக்கும் மேலே மஞ்சுவின் கை, அதில் பந்து. நான்கு விநாடி தீர்ந்து மணி அடித்தது.

கூடுதல் நேரம் ஐந்து நிமிடம். எனக்கு ஒரு விசித்திரம் நடந்தது. கால் லேசாகிவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை, வேலை போனாலும் போகட்டும், பந்தை மட்டும் பார்த்து ஆடலாம். முழுக்க முழுக்கத் தமிழில் கத்தினேன். "மஞ்சு, கீழ வா! எடது பக்கம்! எடதுடா!" எதிரணிக்கு எல்லாமே புரிந்தது, எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கடைசி அரை நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம்.

மறுபடியும் பந்து அதே ஆளிடம் போனது. நான் அவன் தோளை ஒட்டி ஓடினேன். கூடைக்கு நேராகத் திரும்பினான். என் கை தானாக நீண்டது.

பின்னாலிருந்து மஞ்சு கத்த ஆரம்பித்தான். "பி..." என்று தொடங்கி ஒரு கணம் தடுமாறியது எனக்கே கேட்டது. பாவம், எத்தனை வருடப் பழக்கம்.

"பிடோ!"

அந்த 'ஓ' கன்னடத்தில் நம்முடைய 'டா'. விடுடா. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டேன். அவன் எம்பினான், எதிரே மஞ்சு எம்பினான், பந்து வளையத்தைத் தொடாமலே கீழே விழுந்தது, மணி அடித்தது. ஜெயித்தோம்.

எல்லாரும் குதித்துக்கொண்டிருக்க, மஞ்சு என்னிடம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "தப்பாயித்து அண்ணா. நான் உங்கள வாடா போடா சொல்லிட்டேன். கோச்சிக்காதீங்க அண்ணா."

அவனை இடுப்போடு கட்டிக்கொண்டேன். எனக்கு எட்டியது அவ்வளவுதான். என்னை அதுவரை யாரும் அத்தனை சந்தோஷமாக 'டா' போட்டதில்லை.

திங்கட்கிழமை

ஓசூர் திரும்புகிற பஸ்ஸில் ராமய்யா சார் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மஞ்சுவையும் என்னையும் பெர்சனல் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

மஞ்சு முதலில் போனான். வெளியே வரும்போதே போன் காதில் இருந்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து யாரிடமோ மூச்சு விடாமல் பேசினான். 'பர்மனென்ட்' என்ற சொல் மட்டும் நான்கு முறை வந்தது. ராயக்கோட்டைக்குத்தான் பேசுகிறான் என்று கேட்காமலே தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. இனி எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். மனதார நினைத்தேனா என்று கேட்காதீர்கள்.

உள்ளே போனேன். மேனேஜர் எங்கள் அணிக்காரர்களோடு எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவார். ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நீளமாகப் பேசினார். சிரித்தார். நடுவில் என் முட்டியைப் பார்த்தார். 'ஸ்டோர்ஸ்' என்று ஒரு சொல் வந்தது. கடைசியில் ஒரு கேள்வி மாதிரி நிறுத்திவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

ஆறு வருடப் பழக்கம். 'ஆ' வரைக்கும் வாய் போய்விட்டது.

"சார், எனக்குக் கன்னடம் வராது" என்றேன்.

"அப்பிடிங்களா? ஒக்காருங்க" என்றார், சுத்தமான தமிழில்.

அவ்வளவுதான். புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. ஓசூரில் ஒருவருக்கு ஒரு மொழி வராவிட்டால், எதிரே இருப்பவர் வேறு மொழிக்கு மாறிக்கொள்வார். டீக்கடையிலும் பஸ்ஸிலும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம். இந்த ஒன்றுக்காகவா நான் பஸ்ஸில் ஆறு வருடம் கண்ணை மூடிக்கொண்டு போனேன்?

"ராமய்யா சார் உங்க பேரும் எழுதியிருக்காருங்க. பர்மனென்ட் பண்ணிட்டோம். முட்டி தேய்ஞ்சிருக்குதுன்னு டாக்டர் ரிப்போர்ட் இருக்குது. அதான் கேட்டேன், ஆட்டத்த இத்தோட நிறுத்திட்டு இன்னைக்கே ஸ்டோர்ஸ்ல சேந்துக்கறீங்களா? சரின்னா இங்க டிக் பண்ணிடறேன்."

அவர் பேனா முனை அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.

"வேண்டாம் சார்! ஆடறேன் சார்!" நான் கத்திவிட்டேன் போல. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சரிங்க, சரிங்க, ஆடுங்க" என்று சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் ஆடினேன்.